விடுபட்ட 17 புள்ளிகள்

பொறியியல் கல்லூரி மாணவர்களிடையே ‘தொழில்முறை அறவியல்’ பாடத்துக்கு ஈசி பேப்பர் என்று பெயர். கணக்குப் போட வேண்டாம், சூத்திரம் உருப்போட வேண்டாம், முந்தைய நாள் ராத்திரி உட்கார்ந்தால் தேறிவிடலாம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். கல்லூரிகளும் அந்த நினைப்பை மறுப்பதில்லை. டைம் டேபிளில் மதியத்துக்கு மேல் ஒரு பீரியட் அதற்கு ஒதுங்கும். யாருக்கு வகுப்பு குறைவோ அந்த ஆசிரியர் தலையில் அது விழும். நேர்மை என்றால் என்ன, கடமை என்றால் என்ன என்று வரையறைகளை எழுதவைத்து மதிப்பெண் போட்டவுடன் அறம் முடிந்துவிடும். சிந்திக்கும் பயிற்சி வேறெங்கோ, புள்ளியியல் வகுப்பிலும் ஆய்வகத்திலும் புராஜெக்டிலும் நடக்கிறது என்பது எல்லோருடைய நம்பிக்கை. அறிவுக்கு ஒரு பாடம், மனசாட்சிக்கு ஒரு பாடம் என்ற இந்தப் பாகப்பிரிவினை தவறு என்பதே இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தி நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. பெரிய தவறுகள் நடந்த இடங்களை உற்றுப் பார்த்தால், சிந்தனை சறுக்கியதும் அறம் சறுக்கியதும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில் நடந்திருப்பது தெரியும். கண்ணெதிரே இல்லாத ஆதாரத்தைக் கேட்டு வாங்கும் பழக்கம் இல்லாதவர், எவ்வளவு நல்ல உள்ளம் படைத்தவரானாலும் பிறருக்குத் தீங்கு செய்துவிடுவார். இதை நிறுவ, உலகெங்கும் இந்தப் பாடத்தில் சொல்லப்படும் சாலஞ்சர் விண்கல வழக்கையே எடுத்துக்கொள்கிறேன். அதைப் பெரும்பாலும் நல்லவர்களும் கெட்டவர்களும் மோதிய கதையாக நடத்துகிறார்கள். அதன் உண்மையான பாடம் அதைவிட ஆழமானது, மாணவர்களுக்கு அதைவிட நெருக்கமானது.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பிய சாலஞ்சர் 73ஆவது விநாடியில் சிதறியது. பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உட்பட அதிலிருந்த 7 பேரும் இறந்தார்கள். காரணம், பக்கவாட்டில் பொருத்தப்பட்ட திட எரிபொருள் பூஸ்டரின் இணைப்பை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். குளிரில் ரப்பர் விறைத்துவிடும். விறைத்த வளையம் இணைப்பு விரியும் வேகத்துக்கு ஈடுகொடுத்து இடைவெளியை மூடாது. உள்ளே எரியும் வாயு கசிந்து வெளியே வரும். பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்களுக்கு இந்த அச்சம் முன்பே இருந்தது. அவர்களில் ஒருவரான ரோஜர் போஷோலே, இந்த இணைப்பைக் கவனிக்காவிட்டால் உயிரிழப்பு நேரும் என்று 1985 ஜூலையிலேயே நிர்வாகத்துக்கு எழுதினார். ஏவுவதற்கு முந்தைய இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும் என்ற முன்னறிவிப்பு வந்ததும், யூட்டா, அலபாமா, ஃபுளோரிடா ஆகிய மூன்று இடங்களை இணைத்துத் தொலைபேசிக் கூட்டம் நடந்தது. 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பது தயோகாலின் முதல் பரிந்துரை. நாசா தரப்பு இதை ஏற்கவில்லை. 5 நிமிடம் தனியே பேசிவிட்டு வருகிறோம் என்ற தயோகால் சுமார் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. திரும்பி வந்தபோது பரிந்துரை மாறியிருந்தது: ஏவலாம். மறுநாள் காலை ஏவும்போது வெப்பநிலை 36 டிகிரி ஃபாரன்ஹீட், சுமார் 2 டிகிரி செல்சியஸ்.

அந்தக் கூட்டத்தில் எழுந்த முக்கியமான எதிர்வாதம் இது: குளிரில் ஏவியபோது ஓ-ரிங் சேதமடைந்தது உண்மைதான்; ஆனால் வெயிலில் ஏவியபோதும் சேதமடைந்திருக்கிறதே? 1985 ஜனவரியில் 53 டிகிரியில் ஏவிய பயணத்திலும் கசிவு, அதே ஆண்டு அக்டோபரில் 75 டிகிரியில் ஏவிய பயணத்திலும் கசிவு. அப்படியானால் வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் என்ன தொடர்பு? சேதமடைந்த 7 பயணங்களை மட்டும் ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் புள்ளிகள் குளிரிலும் வெயிலிலுமாகச் சிதறிக் கிடக்கும். இந்த எதிர்வாதம் நியாயமாகவே தோன்றும். அதற்கு முன் நடந்திருந்தவை 24 பயணங்கள். சேதமே இல்லாத மற்ற 17 பயணங்களை யாரும் வரைபடத்தில் சேர்க்கவில்லை. பிரச்சினை இல்லாத பயணம் பிரச்சினையைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறது என்று மனம் இயல்பாக நினைக்கிறது. விடையோ அந்த 17இல்தான் இருந்தது. 66 டிகிரியிலும் அதற்கு மேலும் ஏவிய 20 பயணங்களில் 3இல் மட்டுமே சேதம். 63 டிகிரியிலும் அதற்குக் கீழும் ஏவியவை 4, நான்கிலும் சேதம். விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் கமிஷன் 1986 ஜூனில் தந்த அறிக்கையில் இரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்து வைத்தது. சேதம் கண்ட பயணங்களை மட்டும் ஒப்பிட்டார்கள், எல்லாப் பயணங்களையும் வைத்துப் பார்க்கவில்லை என்று அது தெளிவாகச் சொன்னது.

பிளஸ் டூ கணக்குத் தெரிந்த மாணவர் இதன் எடையைத் தாமே போட்டுப் பார்க்கலாம். வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 24 பயணங்களில் 7 சேதமடைந்தவை. அப்போது மிகக் குளிரான 4 பயணங்களும் தற்செயலாக அந்த ஏழுக்குள் விழுவதற்கான வாய்ப்பு எவ்வளவு? 7/24, 6/23, 5/22, 4/21 ஆகியவற்றைப் பெருக்கினால் ஏறத்தாழ 300இல் 1 வரும். தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய எண் இல்லை இது. இந்தக் கணக்குக்குக் கணினி வேண்டாம், காகிதமும் பேனாவும் போதும். அன்றிரவு கூட்டத்திலிருந்தவர்கள் அனைவரும் இதைவிடப் பல மடங்கு கடினமான கணக்குகளை அன்றாடம் போட்டவர்கள். இங்கே குறைபட்டது கணிதத் திறமை இல்லை. ‘எதை நாம் இன்னும் பார்க்கவில்லை?’ என்ற ஒரு கேள்வி எழவில்லை. அந்தக் கேள்வி எழாமல் போனதை அறிவின் குறை என்பதா, அறத்தின் குறை என்பதா? ஏழு உயிர் பணயத்தில் இருக்கும்போது தேடிப் பார்க்கும் கடமையும் சேர்ந்தே இருக்கிறது. அதனால் இரண்டையும் பிரிக்க முடியாது என்கிறேன்.

இது அந்த ஒரு கூட்டத்தின் குறை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. மேலாண்மைக் கல்லூரிகளில் ‘கார்ட்டர் ரேசிங்’ என்றொரு கேஸ் ஸ்டடி நடத்துவதுண்டு. ஜாக் பிரிட்டன், சிம் சிட்கின் என்ற இருவர் உருவாக்கியது. கார்ப் பந்தய அணி ஒன்று நாளைய பந்தயத்தில் ஓடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். 24 பந்தயங்களில் 7 முறை எஞ்சின் பழுதாகியிருக்கிறது. குளிர்தான் காரணமோ என்று ஒரு மெக்கானிக் சந்தேகப்படுகிறார். ஓடி ஜெயித்தால் விளம்பரப் பணம் வரும், விலகினால் நஷ்டம். பழுதான ஏழு பந்தயங்களின் வெப்பநிலை வரைபடம் மாணவர்கள் கைக்குத் தரப்படும். இது சாலஞ்சர் தரவுதான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது. வேறு விவரம் தேவையென்றால் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு ஆசிரியர் காத்திருப்பார். இந்தப் பயிற்சியை நடத்துகிற எல்லோருக்கும் தெரிந்த விளைவு, பெரும்பாலோர் ஓடலாம் என்றே வாக்களிப்பார்கள் என்பது. ஆபத்து, லாபம், சதவீதம் என்று சூடாக விவாதிப்பார்கள். மீதி 17 பந்தயங்களின் வெப்பநிலையைக் கேட்கும் கை அபூர்வமாகத்தான் உயரும். கொடுத்த கேள்விக்குக் கொடுத்த தரவிலிருந்து விடை காண வேண்டும் என்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் பழக்கப்பட்டவர்கள் அவர்கள். தேர்வுத் தாளில் தரவு எப்போதும் முழுமையாக இருக்கும். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. தரவு போதுமா என்பதையே முதல் கேள்வியாக வைக்கும் வினாத்தாளை நம் மாணவர்கள் பார்த்ததே இல்லை. கேட்டு வாங்காத பிள்ளைகளைக் குறை சொல்லும் முன் கேட்கவே பழக்காத நம் தேர்வுமுறையைத்தான் குறை சொல்ல வேண்டும்.

அந்த இரவு இரண்டாவதாக ஒன்று நடந்தது. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கைமாறியது. வழக்கமாக ஏவலாம் என்பவர்தான் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும். கேள்வி எழுப்புபவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் ஒன்றே போதும். அன்றோ, ஏவ வேண்டாம் என்ற பொறியாளர்களிடம், ஏவினால் கட்டாயம் விபத்து நேரும் என்று காட்டுங்கள் என்று கேட்கப்பட்டது. தயோகாலின் பொறியியல் துணைத்தலைவர் பாப் லண்ட் கமிஷன் முன் சாட்சியம் சொன்னபோது இதை ஒப்புக்கொண்டார்: தயாராக இல்லை என்பதைத் தாங்கள் நிரூபிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டதாக உணர்ந்தார்களாம். மூத்த நிர்வாகி ஜெரி மேசன், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியை மாட்டிக்கொள்ளுமாறு லண்டிடம் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. கடைசி முடிவை நான்கு நிர்வாகிகள் மட்டுமே எடுத்தார்கள்; பொறியாளர்களிடம் வாக்குக் கேட்கவில்லை. மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இந்த இடத்தைத்தான். எந்த விவாதத்திலும் யார் சரி என்று பார்ப்பதற்கு முன், நிரூபிக்க வேண்டியவர் யார் என்று பாருங்கள். ஆதாரம் இரு பக்கமும் அரைகுறையாக இருக்கும்போது பொறுப்பு யார் மேல் விழுகிறதோ அவர் தோற்பார். ஆகவே பொறுப்பை யார் மேல் வைப்பது என்பதே பாதித் தீர்ப்பு. அதைத் தீர்மானிப்பது தர்க்கம் மட்டும் இல்லை, யாருடைய இழப்பைப் பெரிதாக நினைக்கிறோம் என்பதும்தான்.

மூன்றாவது, இழக்கப் போகிறவர்கள் அந்த மேசையில் இல்லை. விண்கலத்தில் ஏறப் போகும் ஏழு பேருக்கும் முந்தைய இரவு அப்படியொரு வாக்குவாதம் நடந்தது தெரியாது. நாசாவில் ஏவுவதற்கான இறுதி அனுமதி தரும் மேல்மட்ட அதிகாரிகளுக்கும் பொறியாளர்களின் ஆட்சேபம் எட்டவில்லை. நம் கல்லூரிகளில் இந்தப் பாடத்துக்குப் பரவலாகப் பயன்படும் மார்ட்டின், ஷின்சிங்கர் நூல், பொறியியலையே சமூகத்தின் மேல் நடத்தப்படும் ஒரு பரிசோதனையாகப் பார்க்கச் சொல்கிறது. பரிசோதனை என்றால் அதற்கு உட்படுபவரின் சம்மதம் வேண்டும். விவரம் தெரியாமல் தரும் சம்மதம் சம்மதமே ஆகாது. சாலஞ்சருக்கு ஓராண்டுக்கு முன், 1984 டிசம்பரில், போபால் விஷவாயுக் கசிவில் நடந்ததும் இதுதான். ஆலைக்குள் இருந்த மீத்தைல் ஐசோசயனேட்டைக் குளிர்விக்கும் இயந்திரம் அந்த ஆண்டு ஜூனிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. மதிலுக்கு வெளியே தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு உள்ளே இருப்பது என்ன, கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, முகத்தில் ஈரத் துணி போட்டுக்கொள்ளலாமா என்பதை யாரும் சொல்லி வைக்கவில்லை. பலன் யாருக்கு, இழப்பு யாருக்கு என்று இரண்டு பட்டியல் எழுதினால், நல்ல முடிவில் இரண்டு பட்டியலிலும் ஓரளவு அதே பெயர்கள் இருக்கும். பெயர்கள் முற்றிலும் வேறாக இருந்தால் அந்த முடிவை இன்னொரு முறை பார்க்க வேண்டும். அறவியல் கோட்பாடுகளைப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட இந்த இரண்டு பட்டியல்களை நேர்மையாக எழுதுவது மாணவருக்கு அதிகம் கற்றுத்தரும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு, விபத்துக்குப் பிறகு எல்லோரும் அறிவாளிதான் என்பது. தரவு வரைபட வல்லுநர் எட்வர்ட் டஃப்டி 1997இல் வெளியிட்ட நூலில், பொறியாளர்கள் தரவை ஒழுங்காக வரைந்து காட்டியிருந்தால் ஏவுதல் நின்றிருக்கும் என்று எழுதினார். போஷோலேயும் வேறு மூவரும் 2002இல் இதைக் கடுமையாக மறுத்தார்கள். தேவையான தரவு முழுதும் பொறியாளர்கள் கையில் இல்லை, அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம் என்பது அவர்கள் வாதம். இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. சில மணி நேர அவகாசத்தில் எச்சரிக்கை எழுப்பி, புகைக்கரி படிந்த புகைப்படங்களை மேசையில் வைத்துக் கடைசிவரை வாதாடியவர்கள் மேல் பழி போடக் கூடாது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. எச்சரித்தவர்களிடம் முழுத் தரவும் கேட்கப்பட்டது. ஏவ விரும்பியவர்கள் அதில் எதையும் தர வேண்டியிருக்கவில்லை. தரவு போதவில்லை என்றால் ஏவுதலைத் தள்ளிப்போட வேண்டும், அதுதான் பாதுகாப்பின் விதி. தரவு போதவில்லை என்பதையே ஏவுவதற்கான காரணமாக மாற்றியதுதான் அன்று நடந்த பிழை. இதைக் காண விபத்து நடந்து முடிந்திருக்க வேண்டியதில்லை; முந்தைய இரவே தெரிந்திருக்கக்கூடியது இது.

இரண்டாவது மறுப்பு: இது சில நிர்வாகிகளின் பேராசை, இதில் சிந்தனைப் பயிற்சிக்கு என்ன வேலை? மாணவர்கள் மிக விரும்பும் விளக்கம் இது. தாங்கள் அப்படிப்பட்டவர்கள் ஆகமாட்டோம் என்ற நிம்மதியைத் தருவதால் விரும்புகிறார்கள். சமூகவியலாளர் டயான் வான் 1996இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த நிம்மதியைக் கலைக்கிறது. விதியை மீறிய கெட்டவர்களை அவர் அங்கே காணவில்லை. விதிப்படி நடந்தவர்கள்தான், சிறு பிறழ்வு ஒன்றை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்று காட்டினார். முதல் முறை ஓ-ரிங் அரிக்கப்பட்டபோது அதிர்ச்சி. விண்கலம் பத்திரமாகத் திரும்பியது. அடுத்த முறை அது எதிர்பார்த்த விஷயம். அதற்கடுத்து, ஏற்கத்தக்க ஆபத்து. பத்திரமாகத் திரும்பிய ஒவ்வொரு பயணமும் முடிவு சரி என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கமிஷன் உறுப்பினரான இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் இதைத்தான் பிடித்தார். விண்கலம் அழியும் வாய்ப்பு ஒரு லட்சத்தில் 1 என்று நிர்வாகம் நம்பியது. பொறியாளர்கள் சொன்னது 100இல் 1. ஒரு லட்சத்தில் 1 என்றால் தினமும் ஒன்றாக ஏவினாலும் விபத்துக்கு ஏறத்தாழ 300 ஆண்டு காத்திருக்க வேண்டும். கடைசியில் 2011 வரை நடந்த 135 பயணங்களில் 2 விண்கலங்கள் அழிந்தன. இரண்டாவது, 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட 7 பேரோடு எரிந்துபோன கொலம்பியா. அங்கேயும் ஏவும்போது நுரைத் துண்டு இறக்கையில் மோதியதைக் கண்ட பொறியாளர்கள் கூடுதல் படம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஆபத்து இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு மீண்டும் அவர்கள் மேலேயே விழுந்ததாக விசாரணை வாரியம் எழுதியது. ஆட்கள் மாறியிருந்தார்கள், 17 ஆண்டுகள் ஓடியிருந்தன, பிழை அதே பிழை. பேராசைக்காரர்கள்தான் காரணம் என்றால் அவர்கள் போனதும் பிழையும் போயிருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பைப் பெற்றோரும் சக ஆசிரியர்களும் சொல்வார்கள்: நல்லது கெட்டது வீட்டு வளர்ப்பில் வர வேண்டும், இருபது வயதில் வகுப்பில் சொல்லிக் கொடுத்தா வரும்? வளர்ப்பு முக்கியம்தான். ஆனால் நல்ல வளர்ப்பு போதுமா என்பதைச் சோதித்த ஓர் ஆய்வு உண்டு. 1973இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற உளவியலாளர்கள், பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களை இன்னொரு கட்டடத்துக்குப் போய்ச் சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள். வழியில் ஒருவர் நோயுற்றவர்போல் வாசலில் சரிந்து கிடந்தார். நேரம் நிறைய இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 சதவீதம் பேரே உதவினார்கள். அவர்களில் சிலர் பேசப் போனது, வழியில் விழுந்து கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றி. கருணையைத் தொழிலாக ஏற்கவிருந்தவர்களிடமே அவசரம் இவ்வளவு செய்யும் என்றால், மறுநாள் காலை ஏவ வேண்டும், மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் மற்றவர்கள் எம்மாத்திரம்? நல்ல குணம் நெருக்கடியில் தானாக வேலை செய்துவிடாது. நிற்கவும் கேட்கவும் எழுதவும் நிர்ப்பந்திக்கும் ஒரு நடைமுறை அதற்குத் துணை வேண்டும். நடைமுறையைக் கற்பிக்கலாம், பழக்கலாம், மதிப்பெண் போட்டுச் சோதிக்கலாம். வளர்ப்பு தரும் குணத்தைப்போல அது வீட்டுக்கு வீடு மாறுவதில்லை.

நான்காவது மறுப்பு: வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய் திறந்தால் வேலை போகும், இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். இதை மாணவர்கள் பணிவாகச் சொல்வார்கள். ஆனால் மனதில் இதுதான் எல்லாவற்றையும்விடக் கனமாக இருக்கும். விலை இல்லை என்று அவர்களிடம் பொய் சொல்லக் கூடாது. உண்மையைச் சாட்சியத்தில் சொன்ன பிறகு போஷோலே நிறுவனத்துக்குள் ஒதுக்கப்பட்டார், பிறகு வெளியேறினார். 1988இல் அறிவியல் முன்னேற்றத்துக்கான அமெரிக்கச் சங்கத்தின் விருது வந்தது, பழைய வேலை திரும்பி வரவில்லை. ஏவலாம் என்று கையெழுத்திட மறுத்த தயோகாலின் ஆலன் மெக்டொனால்டைப் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகு அவரே புதிய இணைப்பை வடிவமைக்கும் பணிக்குத் தலைமை ஏற்றார். ஆனால் இருவரும் செய்ததைக் கூர்ந்து பாருங்கள். ஒருவர் ஆறு மாதம் முன்பே எழுத்தில் வைத்தார். மற்றவர் கையெழுத்தைத் தரவில்லை. இரண்டும் கூச்சல் போட்ட வீரம் இல்லை, புதிதாகச் சேர்ந்தவருக்கும் எட்டக்கூடிய செயல்கள். ‘இந்த அளவீடு எனக்குப் புரியவில்லை, சரிபார்க்க வேண்டுகிறேன்’ என்று தேதி போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புவதை யாரும் கலகம் என்று சொல்ல முடியாது. எதிர்ப்பைத் தெளிவாக, மரியாதையாக, ஆதாரத்தோடு, நேரத்தில் எழுதத் தெரிவது ஒரு தொழில்திறன். வெல்டிங் பிடிக்கக் கற்பதுபோல் இதையும் கற்க வேண்டும்.

ஐந்தாவது மறுப்பு நடைமுறை அறிந்தவர்களுடையது: எல்லாத் தரவும் வரட்டும் என்று உட்கார்ந்தால் எந்த வேலையும் நடக்காது. அந்தக் கூட்டத்தில் நாசாவின் லாரி மல்லாய் கேட்டதாகப் பதிவான கேள்வியும் இதே வகைதான்: அப்படியானால் நான் ஏப்ரலில்தான் ஏவ வேண்டுமா? கேள்வி நியாயமானது, அதற்கு விடையும் இருக்கிறது. எவ்வளவு ஆதாரம் போதும் என்பது, தவறினால் திருத்த முடியுமா என்பதைப் பொறுத்தது. ஏவுதலைச் சில நாள் தள்ளினால் பணம் போகும், பெயர் கொஞ்சம் கெடும். அடுத்த வாரம் ஏவிக்கொள்ளலாம். ஏவி வெடித்தால் திரும்ப வழியில்லை. திருத்தக்கூடிய முடிவைக் குறைந்த தகவலோடு துணிந்து எடுக்கலாம். தவறினால் அதுவே நமக்குப் பாடமாகும். திருத்த முடியாத முடிவுக்கு, அதிலும் இழப்பு பிறருடையதாக இருக்கும்போது, அதிக ஆதாரம் கேட்டே ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வைப்பவர்தான் ஒன்று எங்கும் தயங்கி நிற்பார், அல்லது எங்கும் குருட்டுத்தனமாகப் பாய்வார். எந்த எலக்டிவ் எடுப்பது என்று மூன்று மாதம் குழம்பிவிட்டு, பல லட்சம் கல்விக் கடன் பத்திரத்தில் மூன்று நிமிடத்தில் கையெழுத்துப் போடும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டாலே இந்தப் பாடம் தன் வேலையைச் செய்ததாகும்.

மாணவரின் அன்றாடத்தில் விண்கலம் இல்லை. விடுபட்ட புள்ளிகள் நிறையவே இருக்கின்றன. கல்லூரி வாசலில் வைக்கும் ஃபிளெக்ஸில் பிளேஸ்மென்ட் கிடைத்தவர்களின் முகம் வரிசையாகச் சிரிக்கும். கிடைக்காதவர்களின் எண்ணிக்கை எந்த ஃபிளெக்ஸிலும் வராது. அந்த எண் தெரியாமல் இந்த முகங்களுக்கு எந்தப் பொருளும் இல்லை. போட்டித் தேர்வு மையங்கள் முதலிடம் பெற்றவர்களின் படத்தைப் போட்டு, அவர்கள் தங்களிடம் எந்தப் பயிற்சி பெற்றார்கள் என்பதை மறைப்பது வழக்கமாகிவிட்டதால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் இதற்கென்றே வழிகாட்டு விதிகள் வெளியிட வேண்டியதாயிற்று. ஏமாற்றப்படும் பக்கம் இருக்கும்போது இதை மாணவர்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள். அதே மாணவர் ஆய்வகத்தில், பாடநூல் விடையோடு ஒத்துவராத ரீடிங்கை அப்சர்வேஷன் நோட்டில் அழித்துவிட்டு, வர வேண்டிய எண்ணை எழுதிக்கொள்கிறார். புராஜெக்டில் மாதிரி தோற்ற சோதனைகளை விட்டுவிட்டு ஜெயித்தவற்றை மட்டும் வைவாவில் காட்டுகிறார். வழிகாட்டும் ஆசிரியரும் ரிசல்ட் நன்றாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்து கையெழுத்திடுகிறார். இதில் யார் உயிரும் போகாது என்று சொல்லலாம். ஆனால் ஒத்துவராத அளவீட்டை ஒதுக்கும் கை இங்கேதான் பழகுகிறது. நாளை அதே கை ஒரு பாலத்தின் கான்கிரீட் சோதனை முடிவையோ ஒரு மருந்தின் பக்கவிளைவுப் பட்டியலையோ தொடும்போது, பழகியதைத்தான் செய்யும்.

ஆகவே நான் கேட்பது சிறிய மாற்றம்தான், ஆனால் எல்லா வகுப்பிலும் வர வேண்டிய மாற்றம். ஒவ்வொரு ரெக்கார்டின் கடைசியிலும், ஒவ்வொரு புராஜெக்ட் அறிக்கையிலும் ஒரு பக்கம் கட்டாயமாக்கப்பட வேண்டும். நான் சேர்க்காமல் விட்ட தரவு எது, ஏன் விட்டேன். என் முடிவு தவறு என்று எது தெரிந்தால் ஒப்புக்கொள்வேன். நான் தவறினால் இழப்பு யாருக்கு, அவருக்கு இது தெரியுமா. தவறைத் திருத்த முடியுமா. இந்த நான்கு கேள்விகளுக்கு மாணவர் தம் சொந்தச் சொற்களில் விடை எழுத வேண்டும். அந்தப் பக்கத்துக்கு இன்டர்னல் மார்க் போட வேண்டும். ஒத்துவராத ரீடிங்கை அப்படியே எழுதி, காரணம் தேடியவருக்கு, ஒத்துவந்த விடையைக் காட்டியவரைவிட அதிக மதிப்பெண் தர வேண்டும். எதற்கு மதிப்பெண் கிடைக்கிறதோ அதைத்தான் மாணவர்கள் நம்மிடமிருந்து கற்கிறார்கள். நாம் மேடையில் சொல்வதை அவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. விடுபட்டதைக் கேட்கும் பழக்கமும் பிறர் உயிரை மதிக்கும் பழக்கமும் ஒன்றுதான் என்பது என் உறுதியான நம்பிக்கை. அதைக் கடைசி ஆண்டில் ஒரு செமஸ்டரில் ஊட்டிவிட முடியாது. முதலாண்டு ஆய்வகத்தில் மாணவர் எழுதும் முதல் ரீடிங்கிலிருந்தே அதைத் தொடங்க வேண்டும், அந்தப் பொறுப்பு அறவியல் ஆசிரியர் ஒருவருடையது மட்டும் இல்லை, ரெக்கார்டில் கையெழுத்திடும் ஒவ்வொருவருடையதும்.